செவிலித்தாயைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பரிந்துரையால் அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேரின் ‘டேமேஜ்டு குட்ஸ்’ நாவலை வாசித்தேன். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய துண்டுப்பிரசுரத்துக்குக் கதைவேடம் கட்டியதுபோல் இருக்கிறது. டாக்டர் பிரசங்கம் செய்துகொண்டே இருக்கிறார். கண்ணீரெல்லாம் வசதியான வீட்டு மனைவிக்கும் குழந்தைக்கும்தான். விலைமகளுக்குக் கடைசியில் சில பக்கங்கள். இதை இன்று ஏன் வாசிக்க வேண்டும்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

பிரசங்கம்தான், மறுக்கவில்லை. யூஜீன் பிரியூ 1901இல் எழுதிய பிரெஞ்சு நாடகத்தைத்தான் 1913இல் சிங்க்ளேர் நாவலாக்கினார். அந்த நாடகத்தைப் பாரிஸில் மேடையேற்றத் தணிக்கை அப்போது அனுமதிக்கவில்லை. நோயின் கிருமி கண்டறியப்பட்டது 1905இல், அதைக் காட்டிக்கொடுக்கும் வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்தது 1906இல், சால்வர்சன் மருந்து 1910இல். அதற்கு முன்பு பாதரசமும் பொறுமையும்தான் சிகிச்சை. அதனால்தான் டாக்டர், நோய் தொற்றிய நாயகன் ஜார்ஜிடம் கல்யாணத்தை மூன்று நான்கு வருடங்கள் தள்ளிப்போடச் சொல்கிறார். அவன் கேட்கவில்லை. நோயோடு குழந்தை பிறக்கிறது.

நீங்கள் வேகமாகக் கடந்துவிட்ட இடம் அதற்குப் பிறகு வருகிறது. குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு கிராமத்துப் பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள். குழந்தையின் வாயிலிருந்து அவளுக்கும் தொற்றும், உடனே நிறுத்துங்கள் என்கிறார் டாக்டர். ஜார்ஜின் தாய் சம்மதிப்பதில்லை. புட்டிப்பாலில் பேரன் பிழைக்காமல் போனால்? பணத்தைக் கூட்டிக்கொடுத்து அந்தப் பெண்ணைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது பாட்டியின் கணக்கு. கொடுமைக்காரியல்ல, பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவள். அந்தப் பாசமே இன்னொருத்தியின் உடம்புக்கு விலை பேசுகிறது. விஷயம் தெரிந்ததும் செவிலித்தாய் போடும் கூச்சலில்தான் மனைவிக்கும் உண்மை தெரியவருகிறது. என்னைத் தொடாதே என்று மனைவி கணவனிடம் அலறுகிறாள். கணவனும் மாமியாரும் டாக்டரும் அவளிடம் மறைத்ததை ஒரு கூலிக்காரி போட்டு உடைக்கிறாள். இந்த ஒரு காட்சிக்காக மற்றப் பிரசங்கத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன்.

விலைமகளைப் பற்றி நீங்கள் சொன்னது என்னையும் உறுத்துகிறது. வேலைக்காரியாக இருந்தபோது முதலாளியால் கெடுக்கப்பட்டு, கர்ப்பமாகித் தெருவுக்கு வந்தவள் அவள். நோய் வந்தபின், ஆண்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்ததைப் பழிவாங்கலாகவே சொல்கிறாள். அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களை டாக்டர் குற்றம் சாட்டுகிறார், சரி. ஆனாலும் ஜார்ஜின் மாமனாருக்குப் பாடம் நடத்த அழைத்து வரப்பட்ட சாட்சி மட்டுமே அவள். அவளுக்கு என்ன சிகிச்சை, நாளை எங்கே போவாள் என்று கதை கேட்பதில்லை.

சிங்க்ளேரின் நாட்டுச் சட்டமும் கேட்கவில்லை. முதல் உலகப் போரின்போது, 1918இல், அமெரிக்காவில் சேம்பர்லின் கான் சட்டம் வந்தது. படைவீரர்களைக் காப்பது என்ற பெயரில், சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்தார்கள். வீரனுக்குச் சிகிச்சை, அவளுக்குப் பூட்டு. இந்த எழுத்தாளர்கள் இந்த நோயைப் பற்றி ஊர் வாய்திறக்கப் பாடுபட்டார்கள். வாய்திறந்த அதிகாரிகளோ பெண்ணையே குற்றவாளியாக்கினார்கள். அந்தக் கடைசிப் பக்கங்களின் வறுமைக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நாவல் அலுப்பூட்டினால் பிரியூவின் நாடகத்துக்குப் போங்கள். இரண்டாம் அங்கத்தை மட்டுமாவது வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.