வார்ப்பு ஈயக் குண்டுகளால் ரிவால்வர் குழலில் ஈயம் அப்புவதைத் தடுப்பது எப்படி?

நீங்கள் குண்டை வீட்டிலேயே வார்த்து, தோட்டாவையும் சொந்தமாக நிரப்புகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், "ஈயம் அப்புகிறதா? கலவையை இன்னும் கடினமாக்கு" என்று இதற்குள் நாலு பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். குறைந்த அழுத்தத்தில் சுடும் ரிவால்வருக்கு அந்த யோசனை பெரும்பாலும் நோயை வளர்க்கும் மருந்து. முதலில் பார்க்க வேண்டியது அளவு. கடினத்தின் முறை அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் தமிழில் எழுத வேண்டுமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: கேள்வி தமிழில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் சட்டம் வேறு, உரிமம் இல்லாதவர்கள் இதில் கைவைக்கக் கூடாது.

என்னிடம் உள்ளது பழையதாக வாங்கிய, .45 கோல்ட் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் ரிவால்வர். கொஞ்ச நேரம் சுட்டதுமே குழலின் பின்முனையில், ரைஃப்லிங் (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள்) தொடங்கும் இடத்தில், சாக்லேட்டின் வெள்ளித்தாளைக் கிழித்து ஒட்டியதுபோல ஈயச் செதில்கள் படிந்துவிடும். நான் வார்த்தது 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்த கலவை. உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண் ஏறத்தாழ 10. சுடுகளத்தில் எல்லோரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அச்செழுத்து வார்க்கும் கடினமான ஈயக் கலவையான லினோடைப் உலோகத்தைக் கலக்கச் சொன்னார். அவருடைய அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படிவு இருந்த இடம் வேறு கதை சொன்னது. குண்டு வழுக்கிப் போகப் பூசும் மெழுகு போதாமல் போனால் ஈயம் பெரும்பாலும் குழலின் வாய்ப்பக்கத்தில் படியும். தொடக்கத்திலேயே படிகிறது என்றால், குண்டுக்கும் குழலுக்கும் இடையே சூடான வாயு புகுந்து, குண்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள்.

ஆகவே தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைக் கழற்றி, 0.452 அங்குலக் குண்டை ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றில்கூட நுழையவில்லை. அளவுக்கம்பிகளில் 0.449 போயிற்று, 0.450 போகவில்லை. பிறகு குழலுக்குள் எண்ணெய் தடவி, தூண்டில்காரர்கள் கட்டும் மென்மையான ஈயக் குண்டு ஒன்றை மரக்கோலும் மரச்சுத்தியலும் கொண்டு தட்டி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்தேன். வரிப்பள்ளத்தின் விட்டம் 0.451. (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழல்களில் பள்ளங்கள் ஐந்து. எதிரெதிரே பள்ளம் இல்லாததால் சாதாரண மைக்ரோமீட்டர் சரியான அளவைக் காட்டாது, வி வடிவத் தாங்கி உள்ளது வேண்டும்.) அதாவது, 0.452 ஆகப் புறப்பட்ட குண்டு சிலிண்டர் வாயிலேயே 0.449 ஆகக் கசங்கி, தன்னைவிட அகலமான குழலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் கடினக் குண்டு காலை வாரிவிடுகிறது. கசங்கிய குண்டு வாயு அழுத்தத்தில் மறுபடி விரிந்து குழலை அடைக்க வேண்டுமானால், பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கி வரும் அழுத்தம் தேவை என்பது வார்ப்பவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. .45 கோல்ட் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; கடினம் 10 உள்ள குண்டுக்கே 14,220 வேண்டும், நான் நிரப்பும் தோட்டாவின் அழுத்தமோ உச்சத்துக்கு வெகு கீழே. லினோடைப்பின் கடினம் 22. அதற்கு 31,000க்கு மேல் கேட்கும். பெரியவர் சொன்னபடி செய்திருந்தால் கசிவு கூடியிருக்கும்.

துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து ஆறு வாய்களையும் 0.4525க்குச் சீவி வாங்கினேன். அதே கலவை, அதே மெழுகு, அதே நிரப்பு, செதில்கள் நின்றன. எல்லா ரிவால்வருக்கும் இதுதான் வியாதி என்று நான் சாதிக்கவில்லை. 35,000 பவுண்டு வரை போகும் .357 மேக்னத்துக்குக் கடினம் 12 முதல் 15 வரை உள்ள கலவையும், அடியில் செப்புத் தொப்பியும் நியாயமானவைதான். அங்கேயும் குண்டு சிலிண்டர் வாயின் அளவில் இருந்தாக வேண்டும், வாய் குழலைவிடக் குறுகியிருக்கக் கூடாது.

வாய் சரியாக இருந்தும் ஈயம் படிந்தால், நிரப்பிய தோட்டா ஒன்றிலிருந்து குண்டைப் பிடுங்கி அளந்து பாருங்கள். செப்பு உறைக் குண்டுக்கென்று செய்த விரிப்பான் (கூட்டின் வாயை அகலமாக்கும் கருவி), தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் போதுமான அளவு திறக்காது; கூடு மென்மையான ஈயத்தை உள்ளேயே நசுக்கிவிடும். கடைசியில் கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும்போது கார்பைடு வளையத்தால் அழுத்தும் கிரிம்ப் டை என்ற கருவியும் அதையே செய்யும். மெழுகுக்கு ஆலாக்ஸ் என்ற மசகுப்பொருளும் தேன்மெழுகும் பாதிக்குப் பாதி போதும். மெழுகுக்குப் பதிலாகக் குண்டின்மேல் பிளாஸ்டிக் பொடியைச் சுட்டுப் படியவைக்கும் பவுடர் பூச்சுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அளவுப் பிழையை அது மறைக்கும், திருத்தாது.

கடைகளில் "கடின வார்ப்பு" என்று பெருமையாக விற்கிறார்களே, அதில் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. அந்தக் கடினமும் அந்தக் கெட்டி மெழுகும் பார்சலில் குண்டு நசுங்காமல், கோடையில் உருகாமல் வந்து சேர உதவுகின்றன. குழலுக்கு என்ன லாபம் என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இல்லை.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க, பாத்திரம் தேய்க்கும் செப்பு நாரைப் பழைய பிரஷ்ஷில் சுற்றி, எண்ணெய் விட்டுத் தேயுங்கள். நாரை முதலில் காந்தத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் அது செப்பு முலாம் பூசிய எஃகு, குழலைக் கீறும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது ஈயத்தைக் கரைக்கும், கூடவே எஃகையும் அரிக்கும். மிஞ்சும் நீர் ஈய அசிடேட் கலந்த நஞ்சு. உறைக் குண்டு சுட்டு ஈயத்தைத் தள்ளிவிடலாம் என்பதையும் நம்பாதீர்கள். படிந்த ஈயத்தை அது இன்னும் இறுக்கித் தேய்க்கும், அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.