காற்றா, கடலா?

ஐயா, வணக்கம்.

கிழக்குப் பசிபிக் கடல் அவ்வப்போது வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பற்றிய கட்டுரையில், கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று தளர்வதால் சூடான நீர் கிழக்கே நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பத்தி தள்ளி, கிழக்கே கடல் சூடாவதால்தான் காற்று தளர்கிறது என்கிறீர்கள். எது காரணம், எது விளைவு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் என் தவறு அந்தத் ‘தான்’ மட்டுமே. அதை எடுத்துவிட்டால் இரண்டு வாக்கியங்களும் சரி.

பசிபிக்கில் நிலநடுக்கோட்டையொட்டி வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அது மேல்நீரைத் தள்ளிக்கொண்டே போவதால், இந்தோனேசியப் பக்கம் கடல்மட்டம் தென் அமெரிக்கப் பக்கத்தைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்திருக்கும். சூடான நீர் அங்கே குவிய, பெரு கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். மேற்கே சூடேறிய காற்று எழும்பி மழையாகும்; அந்த இடத்தை நிரப்பக் கிழக்கிலிருந்து காற்று ஓடிவரும். எந்தக் காற்று இந்த வெப்ப வித்தியாசத்தை உண்டாக்கியதோ, அதற்கே இந்த வித்தியாசம்தான் தீனி. காற்று தளர்ந்தால் வித்தியாசம் குறையும், அது குறைந்தால் காற்று இன்னும் தளரும். 1969இல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் இதை விளக்கினார். பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதை கில்பர்ட் வாக்கர் 1920களிலேயே கவனித்திருந்தார். கடலின் பங்குதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அப்படியானால் இது எங்கே நிற்கும் என்று கேட்பீர்கள். இந்தக் கூட்டாளிகள் ஒரே வேகக்காரர்கள் அல்லர். காற்று சில நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும், கடல் மறக்காது. மேலேயுள்ள 3 மீட்டர் நீரே மொத்த வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேற்குப் பசிபிக்கில் சில நாள் எதிர்க்காற்று அடித்தால், கடலுக்குள் ஓர் அலை கிளம்பி இரண்டு மூன்று மாதத்தில் தென் அமெரிக்காவைத் தொடும். அதற்குள் அந்தக் காற்று எப்போதோ அடங்கியிருக்கும். மேற்கே போகும் அலைகள் இன்னும் மெதுவானவை. அவை கரையில் மோதித் திரும்பி வரும்போது கிழக்கே குளிர்நீரை மீண்டும் மேலே கிளப்புகின்றன. எல் நினோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடங்குவதில் இந்தத் தாமதத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஒருவர் கைநீட்டினால் மற்றவர் பிடித்தாக வேண்டும் என்பதுமில்லை. 2014 தொடக்கத்தில் எதிர்க்காற்று பலமாக அடித்தது, சூடான நீரும் கிழக்கே நகர்ந்தது. பெரிய எல் நினோ வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வளிமண்டலம் அசையவில்லை. மிச்சமிருந்த சூட்டோடு கடல் காத்திருந்தது. அடுத்த ஆண்டு காற்றும் சேர்ந்துகொள்ள, பதிவான மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்தது.