போட்டிக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

மதுரை அரசரடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பிளஸ் டூ. பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள், போட்டிகளில்தான் இறுதிச் சுற்றை எட்டவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, ஐரோப்பாவில் சேர்த்து, அங்கே போட்டிகளுக்குத் தயார் செய்யலாம் என்கிறார் லண்டன் சித்தப்பா. உங்கள் பயம் நியாயமானது. சித்தப்பா சொல்வதுதான் சரியில்லை.

பல போட்டிகளில் நடுவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். ஐந்து பேரும் 20 போட்டால் சராசரி 20. மூன்று பேர் சொக்கிப்போய் 25 போட்டு, இருவர் முகம் சுளித்து 10 போட்டால் 19தான். யாரையும் உறுத்தாத வாசிப்புதான் முந்தும். 1980இல் போலந்தின் வார்சாவில் நடந்த ஷோபேன் பியானோ போட்டியில், வழக்கத்தை மீறி வாசித்த இவோ போகொரெலிச் என்ற கலைஞர் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். அதை எதிர்த்து நடுவர் குழுவிலிருந்தே விலகினார், 1965இல் அதே போட்டியில் வென்ற மார்த்தா ஆர்கெரிச். உங்கள் மகளோ, பிசகிவிடுமோ என்ற பயத்தில் மென்மையான இடங்களைக்கூட விறைப்பாக வாசிப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: சர்ச் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வந்தால், வேலை முடியும்வரை இவள் நகர மாட்டாள். எனக்கு அதுதான் முக்கியம்.

பியானோ ட்யூனிங் ஒரு தொழில். 88 கட்டைகளுக்கு 200க்கு மேல் கம்பிகள். பெரும்பாலான கட்டைகளுக்கு மும்மூன்று. இரண்டை ஆப்பு வைத்து அடக்கி, ஒன்றைச் சரிசெய்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதோடு சேர்க்க வேண்டும். சேராதவரை ஒலி 'வொய்ங் வொய்ங்' என்று அலையும். கம்பியை முறுக்கும் சாவியை மயிரிழை திருப்ப, அலை நீண்டு, அடங்கி, இரண்டும் ஒன்றாகிவிடும். கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளி இறுகிப்போனால் ஒலி கரகரக்கும். ஊசியால் குத்தி இளக்குவார்கள். ஈரம் ஏறினால் மரத்தாலான ஒலிப்பலகை உப்பிச் சுருதி கூடும், காய்ந்தால் இறங்கும். கொடைக்கானல் மழையும் மதுரை வெயிலும் இந்த வேலைக்குப் பஞ்சம் வைக்காது.

மதுரையை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் பள்ளிகள், சென்னை ஓட்டல்கள் என்று அலைய வேண்டும். ஆரம்பத்தில் பாடம் எடுத்தும் சம்பாதிக்க வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் கை வைக்காதீர்கள். இதில் இரண்டாவது பேச்சே இல்லை. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், ஒலியியல் உதவும். சர்ச்சுக்கு வரும் அந்த ட்யூனரிடம் விடுமுறையில் உதவியாளாக விடுங்கள். அதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள். கடிதம் முழுக்கச் சித்தப்பா பேசுகிறார், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.