கையில் கட்டினால் க்யூ குறையுமா?

கோடை நெருங்கினால் போதும், அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்களிடமிருந்து டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா பற்றிய கடிதங்கள் வந்து குவிந்துவிடும். என் மகள் வீடு அது இருக்கும் ஆர்லாண்டோ பக்கம். நானோ ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காத்திருக்க வைப்பதுதான் அன்றைக்கு எங்கள் தொழிலே! அதனால் இந்த இதழை வரிசைகளுக்கும், பூங்காக்களில் கையில் கட்டிவிடும் பட்டைகளுக்கும் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். ஜூனில் எங்களை ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகிறான். டிக்கெட் போக, நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடுக்குச் சீக்கிரம் போக 'லைட்னிங் லேன்' என்று தினமும் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டுமாம். எனக்கு முழங்கால் வலி, பேரனுக்கு இரண்டு வயது. கட்டித்தான் ஆக வேண்டுமா? (வாசகி, ஈரோடு)

கட்டாயமெல்லாம் இல்லை அம்மா. பணம் கட்டாதவர்களுக்கு 'ஸ்டாண்ட்பை' என்ற சாதாரண வரிசை இருக்கிறது. அதில் நின்றால் அதே ரைடில்தான் ஏற்றுவார்கள்.

மகன் கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவையுங்கள். இதைக் குடும்பத்துக்கே மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. யார் ஏறப் போகிறார்களோ அவர்களுக்கு மட்டும் வாங்கலாம். இருட்டுக்குள் தூக்கிப் போடும் ஸ்பேஸ் மவுண்டனில் நீங்கள் ஏறப் போவதில்லை, அப்புறம் எதற்கு உங்கள் பெயரில் ஒரு பாஸ்? பேரனுக்கு மூன்று வயது ஆகாததால் நுழைவுச் சீட்டே வேண்டாம். மகனும் மருமகளும் பெரிய ரைடுக்குப் போகும்போது 'ரைடர் ஸ்விட்ச்' என்று வாசலில் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருப்பார், மற்றவர் போய்விட்டு வருவார். வெளியே இருந்தவர் அடுத்து லைட்னிங் லேன் வழியாகவே உள்ளே போகலாம். இதற்குக் காசு கிடையாது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

வாங்குவதென்றால் முக்கியமாக இரண்டு விதம். மல்ட்டி பாஸில் மூன்று ரைடுகளை நேரத்தோடு முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம். ஒன்றில் ஏறிய பிறகு இன்னொன்றைச் சேர்க்கலாம். ட்ரான், அவதார் போன்ற அதிகக் கிராக்கி உள்ள ரைடுகளுக்குத் தனித்தனியாக சிங்கிள் பாஸ். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பிருந்தும், மற்றவர்கள் மூன்று நாள் முன்பிருந்தும் காலை ஏழு மணிக்கு ஆப்பில் பதிவு செய்யலாம். நம் தட்கல் போலவே விரல் வேகம் வேண்டும்.

அங்கே நான்கு பூங்காக்கள். என்னைக் கேட்டால் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் மல்ட்டி பாஸ் வாங்கலாம். நான்கில் அதிக ரைடுகள் இருப்பது அங்கேதான். அனிமல் கிங்டத்துக்குக் கதவு திறக்கும் நேரத்தில் போய் நின்றாலே போதும், அந்தக் காசுக்கு எல்லோரும் வயிறாரச் சாப்பிடலாம்.

முழங்கால் விஷயம்: நடக்க முடியாது என்பதற்காகத் தனி வரிசை கிடைக்காது. வீல்சேர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பெரும்பாலான வரிசைகளில் வீல்சேரோடே போகலாம். மெதுவாக ஊர்கிற பீப்பிள்மூவர் என்ற ரைடு உங்களுக்குப் பிடிக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் நகரும் பட்டையில் கால் வைத்து ஏற வேண்டும், வலி அதிகமான நாளில் வேண்டாம்.

இன்னொன்று. ஜூனில் அங்கே மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி இடி மின்னல். பக்கத்தில் மின்னல் வெட்டினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். உங்கள் பாஸ் நேரத்தில் ரைடு நின்றுபோனால் அது வீணாகாது, வேறு ரைடில் பயன்படுத்தும்படி ஆப்பில் தானாக மாறிவிடும். மகன் கவுன்ட்டரில் போய்ச் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: டிஸ்னி பூங்காவில் கையில் கட்டிக்கொள்கிற மேஜிக் பேண்ட் பட்டைக்குள் என்னதான் இருக்கிறது? ஜி.பி.எஸ். வைத்து நம்மைப் பின்தொடர்கிறார்களா? (எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், மதுரை)

ஜி.பி.எஸ். இல்லை தம்பி. 2013ல் வந்த முதல் மாடலில் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஒன்று 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சில்லு. இதற்கு பேட்டரி தேவையில்லை, வாசலில் உள்ள ரீடரின் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். மெட்ரோ கார்டைத் தொடுகிறோமே, அதே சங்கதிதான். பூங்கா கேட், ஹோட்டல் அறைக் கதவு, ரைடு வாசல், கடையில் பணம் கட்டுவது எல்லாம் இதில்தான். கடையில் மட்டும் கூடவே பின் நம்பரும் போட வேண்டும். இரண்டாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. சின்ன பேட்டரியோடு பல அடி தூரத்துக்குத் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'பி அவர் கெஸ்ட்' உணவகத்தில் மதிய வேளையில் ஆர்டர் கொடுத்துவிட்டு எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் தட்டு தேடி வந்தது இதனால்தான். பேட்டரியை மாற்றவும் முடியாது, சார்ஜ் ஏற்றவும் முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துப்போனாலும் முதல் ரேடியோ வேலை செய்யும், கதவு திறக்கும். 2022ல் வந்த மேஜிக் பேண்ட் பிளஸ்ஸுக்கு சார்ஜ் ஏற்றலாம். விளக்கு எரியும், அதிரும்.

உங்கள் பெயரோ கார்டு எண்ணோ பட்டைக்குள் கிடையாது. வெறும் ஒரு எண்தான் இருக்கிறது. அது யாருடையது என்பது டிஸ்னியின் கணினிக்குத் தெரியும். சந்தேகப்பட்டது நீங்கள் மட்டும் இல்லை. 2013லேயே எட்வர்ட் மார்க்கி என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், குழந்தைகளைப் பற்றிய தகவல்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். ஐகர் கோபமாகவே பதில் எழுதினார். தூரத்திலிருந்து படிக்கும் ரேடியோ பிடிக்காதவர்களுக்கு, தொட்டால் மட்டும் வேலை செய்கிற சாதாரண பிளாஸ்டிக் அட்டையும் அப்போதே இருந்தது.

ஒரு வேடிக்கை பாருங்கள். பட்டை நம்மை வேவு பார்க்கிறது என்று கழற்றிப் பையில் போடுகிறவர்கள், போனில் டிஸ்னி ஆப்பைத் திறந்து இருப்பிட அனுமதியும் கொடுத்துவிட்டு நடக்கிறார்கள். இன்றைக்குப் பட்டை செய்கிற முக்கிய வேலைகளைப் போனே செய்கிறது. பிளஸ் மாடல் வந்தபோதே ஏறக்குறைய 35 டாலர். குழந்தைகள் ஆசைப்பட்டால் வாங்குங்கள், தேவை என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: 2007ல் போயிருந்தோம். ரைடு வாசல் மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் நேரம் அச்சடித்த சீட்டு வரும், இலவசம். இப்போது காசு கேட்கிறார்கள். பேராசைதானே? (ரிட்டயர்டு வங்கி ஊழியர், சென்னை)

நீங்கள் சொல்வது ஃபாஸ்ட்பாஸ், சார். 1999ல் தொடங்கியது. மேஜிக் பேண்ட் வந்ததும் காகிதம் போய் எல்லாம் கணினிக்குள் போனது. பட்டையும் சேர்த்து அந்த மொத்த ஏற்பாட்டுக்கு டிஸ்னி கிட்டத்தட்ட நூறு கோடி டாலர் செலவழித்ததாக அப்போது செய்தி. அப்போதும் இலவசம்தான். ஹோட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்பும், வெளியாட்கள் 30 நாள் முன்பும் மூன்று ரைடுகளைப் பிடிக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காக்கள் மூடியபோது அது நின்றது. திரும்பி வரவே இல்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஒரு நாளைக்கு 15 டாலர் என்று வந்தது, பிறகு கூட்ட நாட்களில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் போனது. மல்ட்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்ற இப்போதைய பெயர்கள் 2024 ஜூலையில்தான் வந்தன.

பேராசை இல்லை என்று சொல்ல நான் டிஸ்னியின் வக்கீல் இல்லை. ஆனால் இலவசமாக இருந்தபோது மட்டும் நியாயமாக இருந்ததா என்றால், இல்லை. அறுபது நாள் முன்னால் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பிடித்தவர்களுக்குக் கிடைத்தது. விவரம் தெரியாமல் அன்றைக்கு வந்து இறங்கிய குடும்பம் வெயிலில் நின்றது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ரைடில் மணிக்கு 1,000 பேர் ஏறலாம் என்று வையுங்கள். உங்களுக்கு முன்னால் சாதாரண வரிசையில் 400 பேர். வேறு வரிசையே இல்லையென்றால் 24 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். ஆனால் மணிக்கு 800 இடம் பாஸ்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டால், மிச்சம் 200. அதே 400 பேருக்குப் பின்னால் நீங்கள் நிற்பது இரண்டு மணி நேரம்! கையில் பட்டை கட்டியதால் ரைடில் ஒரு இருக்கைகூடக் கூடவில்லை. ஒருவருக்கு மிச்சமான நேரத்தை இன்னொருவர் நின்று கழிக்கிறார்.

வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த ட்ரங்க் கால் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். எட்டு மடங்கு கட்டணம் கட்டிய லைட்னிங் கால்காரருக்கு உடனே லைன். ஊருக்கு இருந்ததோ விரல்விட்டு எண்ணும்படியான லைன்கள். ஆர்டினரி போட்டவர் போன் பக்கத்திலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். லைன்கள் அதிகமான பிறகுதான் அந்தத் தவம் முடிந்தது, கட்டணத்தை மாற்றியதால் இல்லை. புது ரைடுகளைக் கட்டுவதுதான் பூங்காக்காரர்களுக்கு உண்மையான வழி. அதற்குக் கோடிகளும் வருடங்களும் ஆகும். வரிசையைப் பிரித்து விற்பது சுலபம்.

கேள்வி: எல்லோருக்குமே ஒரு பட்டையைக் கொடுத்து, யாருமே நிற்காமல் செய்துவிட முடியாதா? (ஆசிரியை, நெய்வேலி)

செய்து பார்த்தார்கள். 2017 மே மாதம் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் வால்கனோ பே என்ற தண்ணீர் பூங்காவைத் திறந்தது. வருகிற எல்லோருக்கும் 'டாப்பு டாப்பு' என்ற நீர் புகாத பட்டை இலவசம், போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சறுக்கு வாசலில் உள்ள கம்பத்தில் தொட்டால் உங்கள் இடம் பதிவாகும். முறை வந்ததும் பட்டை அதிர்ந்து, வா என்று சொல்லும். அதுவரை குளத்தில் கிடக்கலாம். போனை எடுத்துப் போக முடியாத இடத்தில் நல்ல ஏற்பாடு.

கால் வலி போனது, காத்திருப்பு போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் பெயர் கொடுக்கலாம். கூட்ட நாட்களில் பட்டை மணிக்கணக்கைக் காட்டியது. அத்தனை நேரமும் நிற்காத ஆட்கள் எங்கே போவார்கள்? குளத்துக்கும் சாப்பாட்டுக் கடைக்கும். அங்கே புது வரிசை! வளைந்து வளைந்து போகும் க்யூ கம்பிகளுக்கு ஒரு ரகசிய வேலை உண்டு, அவை ஆயிரக்கணக்கானவர்களைச் சின்ன இடத்தில் அடக்கி வைக்கின்றன. அவர்களை அவிழ்த்து விட்டால் இடமும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். கடைக்காரர்களுக்கு இதில் வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரிசைகளின் கணிதத்தைத் தொடங்கி வைத்தவர் எங்கள் தொழில்காரர்தான், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த ஏ.கே. எர்லாங். எத்தனை அழைப்பு வந்தால் எத்தனை லைன் வேண்டும் என்று 1909லேயே எழுதத் தொடங்கிவிட்டார். அவர் பெயரில் ஒரு அளவையே உண்டு. நாங்கள் தினமும் எர்லாங் கணக்குதான் பார்ப்போம்.

கேள்வி: ஒசாகாவில் உள்ள அக்கா மகன், யுனிவர்சலில் மரியோ பட்டை வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்களா? (வாசகர், திருச்சி)

விடுவார்கள். 2021 மார்ச்சில் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டில் விற்கும் 'பவர் அப் பேண்ட்' விளையாட்டுக்கு மட்டும்தான். கேள்விக்குறி போட்ட பெட்டியைக் கையால் குத்தினால் காசு சேரும், எண்ணிக்கை ஆப்பில் தெரியும். க்யூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கூட்ட நாட்களில் அந்தப் பகுதிக்குள் நுழையவே நேரம் குறித்த அனுமதி வேண்டியிருக்கும், அதை ஆப்பில் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது கையில் வந்த பிறகு பட்டையைப் பற்றி அக்காவும் மகனும் பேசிக்கொள்ளட்டும்.