போரையும் அமைதியையும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

செய்தியில் போர்க்காட்சிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பவற்றுக்கு என்ன பதில் சொல்வது, குடும்பமாகச் சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொரு வயது மகளையும் எட்டு வயது மகனையும் வளர்க்கும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன் நான். எங்களுக்குக் கைகொடுத்ததையும் கொடுக்காததையும் எழுதுகிறேன்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்து, 1955-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த ஜப்பானியச் சிறுமி சடாகோ சசாகி, குணமாகும் நம்பிக்கையில் மருத்துவமனையில் காகிதக் கொக்குகள் மடித்த கதையைச் சொல்லிக் காகிதக் கொக்கு மடிக்க உட்கார்ந்தோம். பத்தாவது கொக்கைத் தொடுவதற்குள், யாருடையது அழகு என்று இருவருக்கும் சண்டை மூண்டுவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோற்றுடன் புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். 1741-இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றதையும், அந்தப் படையிலிருந்து சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அதே மன்னரின் படைத்தளபதியானதையும் முன்பே கதையாகச் சொல்லியிருந்தேன். டிலனாயின் கல்லறை, கூரையற்ற பழைய தேவாலயச் சுவர்களுக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழும் உண்டு. மகள் குனிந்து எழுத்தின் பள்ளத்தில் சுட்டுவிரலை ஓட்டிப் பார்த்து, "இது நம்ம எழுத்துல்லா" என்றாள். மகனுக்கு வேறு சந்தேகம்: "தோத்த ஆளை எதுக்குப்பா கூட வச்சிருந்தாரு?"

மன்னரின் பெருந்தன்மை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், மன்னருக்கு டிலனாயின் போர்த்திறமை தேவைப்பட்டது என்பதையும், அவர் பயிற்றுவித்த படையைக் கொண்டே திருவிதாங்கூர் வடக்கேயிருந்த சிற்றரசுகளை வென்றது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் முகம் வாடியது. அதற்காகக் கதையைத் திருத்த எனக்கு மனமில்லை.

அன்று மாலை அதே போரை வீட்டில் நடித்தோம். எப்போதும் ராஜாவாகவே நிற்க விரும்பும் மகனைக் குளச்சல் மீனவனாக்கினேன். படகை எங்கே ஒளித்துவைப்பது என்பதிலேயே அவன் அரைமணி நேரம் செலவிட்டான். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் பிறந்தது: சண்டை வந்தால், ஒவ்வொருவரும் முதலில் மற்றவரின் நியாயத்தைச் சொல்ல வேண்டும், கேட்பவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பின்புதான் என் அம்மா தீர்ப்புச் சொல்வார். டிவி ரிமோட் விஷயத்தில் மட்டும் இது இன்றுவரை பலித்ததில்லை.

போர் எங்கோ தொலைவில் நடப்பது என்றும் நான் சொல்வதில்லை. இலங்கைத் தமிழர் முகாம்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கிருந்துதான் வருகிறாள். அவள் இங்கே பிறந்தவள், அவளுடைய பாட்டி 1990-இல் படகேறி வந்தவர். விடுமுறையில் அவளை வீட்டுக்கு அழைத்தபோது, போரைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது, அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயற்றுருண்டை பிடித்துக்கொண்டு மூவரும் இருட்டும்வரை அடுக்களையிலேயே இருந்தார்கள்.