ஆறு மாட்டு சாணிக்கு எந்த கேஸ் திட்டம் செட் ஆகும்?

கேரளா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கார்: "கறவை நாலு, கிடேரி ரெண்டு கட்டுத்தரையில நிக்குது. சாணியில இருந்து கேஸ் எடுத்து வண்டிக்கு வித்தா கவர்மெண்ட் வாங்கிக்குதுன்னு பால் சொசைட்டில பேசிக்கறாங்க, மானியமும் உண்டாம். போடலாமா?"

போடலாங்கண்ணா. ஆனா வண்டிக்கு இல்ல, அடுப்புக்கு. சொசைட்டில ரெண்டு திட்டத்த ஒன்னாப் போட்டுக் கொழப்பிட்டாங்க.

வண்டிக்குப் போறது சிபிஜி, அதாவது அமுக்குன பயோகேஸ். சாண கேஸ்ல மீத்தேன் 55, 60 சதம்தான், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதைப் பிரிச்செடுத்து மீத்தேனை 90 சதத்துக்கு மேல ஏத்தி, பயங்கர பிரஷர்ல அமுக்குனாத்தான் சிபிஜி. ஆயில் கம்பெனிங்க இத வாங்கிக்கறதுக்குன்னு 2018 அக்டோபர்ல 'சதத்' (SATAT)னு ஒரு திட்டம் வந்துச்சு, அப்புறம் சிட்டி கேஸ் கம்பெனிங்க வண்டிக்கும் வீட்டுக்கும் விக்கற கேஸ்ல 2025-26ல 1 சதம், 2028-29ல 5 சதம் சிபிஜி கலந்தே ஆகணும்னு கட்டாயமும் போட்டாங்க. நல்ல பாலிசிதான், வாங்க ஆளிருக்குன்னு தெரிஞ்சாத்தானே பேங்க்காரன் கடன் குடுப்பான். ஆனா ஒரு கிலோ சிபிஜிக்கு 50 கிலோவுக்கு மேல சாணி வேணும், உங்க ஆறு உருப்படியும் சேந்து ஒரு நாளைக்குப் போடறதே 60 கிலோதான். குஜராத்துல பனாஸ்காந்தா பால் சங்கம் நடத்தற பிளாண்டுக்கு தினம் 40 டன் சாணி போகுது, அதாவது சுமாரா 4000 மாடு. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கால மாட்டுக்குப் பஞ்சமில்ல, சொசைட்டிங்க எல்லாம் ஒன்னு கூடுனா யோசிக்கலாம், தனி ஆளு கையில ஆகாது.

இன்னொன்னு, வர்ற கேஸை பழைய சிலிண்டர்ல புடிச்சுத் தர்றேன்னு எவனாவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. எல்பிஜி லேசான பிரஷர்லயே தண்ணியாயிரும், இது ஆகாது, வெடிச்சா வீடு மிஞ்சாது.

உங்களுக்கு தினம் 2 கன மீட்டர் கேஸ் தர்ற பிளாண்ட் போதும். தினம் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணி. மாட்ட மேய விடறீங்கன்னா பாதி சாணி காட்டுலயே போயிரும், அத நெனச்சுக்கங்க. ஒழுங்கா ஓடுனா மாசம் ஒன்னரை சிலிண்டர் மிச்சம். நம்ம பக்கம் மழை கம்மி, சாணி இருந்தும் தண்ணியில்லாம நின்னு போன பிளாண்ட நானே பாத்திருக்கேன், அதனால கட்டுத்தரை கழுவற தண்ணியவும் கோமியத்தையும் திருப்பி விடற மாதிரி வாய்க்கா வச்சுருங்க, ஆனா பினாயில் ஊத்திக் கழுவுன தண்ணி உள்ள போகக் கூடாது, மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுச் சாணியும் அந்த ஒரு வாரம் வேண்டாம், கேஸ் உண்டாக்கற கிருமி செத்துரும்.

மானியம் தேசிய பயோஎனர்ஜி திட்டத்துல வந்தது, 2 முதல் 4 கன மீட்டருக்கு 14,350 ரூபா. அந்தத் திட்டம் 2025-26 வரைக்கும்னு போட்டது, அதனால இப்ப என்ன தொகைன்னு அனெர்ட்லயோ (கேரளா அரசோட மாற்று எரிசக்தி ஆபீஸ்) கிருஷி பவன்லயோ (வேளாண்மை ஆபீஸ்) கேட்டுட்டு அப்புறமா குழி வெட்டுங்க. கட்டி முடிச்சு, ஆபீசர் வந்து பாத்த பின்னாலதான் பணம் அக்கவுண்டுக்கு வரும், அத நம்பி கொத்தனாருக்கு வாக்கு குடுக்காதீங்க. வீடு இங்க, தோட்டம் பொள்ளாச்சிப் பக்கம்னா பிளாண்ட் எந்த ஸ்டேட்ல நிக்குதோ அங்கதான் அப்ளை பண்ணணும்.

தென்னைக்குப் பக்கத்துல குழி எடுக்காதீங்க. என்னோட மொத பிளாண்ட கொத்தனார் நெழல் இருக்குன்னு மரத்தடியில கட்டுனார், மூணாவது வருசம் வேர் பிளாண்டோட மேல் கூடான டோமைப் பொளந்துருச்சு. வெயில் நல்லா படற எடம்தான் வேணும், சூட்லதான் கேஸ் ஊறும்.

என்னக் கேட்டா கேஸை விட, கேஸ் எடுத்த பின்னால வெளிய வர்ற சாணிக் கரைசல், அதான் ஸ்லரி, அதுதான் லாபம். தழைச்சத்து வீணாகாம அப்படியே வெளிய வருது, தீவனப் புல்லுக்கு விட்டுப் பாருங்க, யூரியா மூட்டை கொறையும்.

அடுப்பு மட்டும் கோபர் கேஸுக்குன்னு செஞ்சதா வாங்குங்க, எல்பிஜி அடுப்புல ஓட்டை சின்னது, சரியா எரியாது. புதுசா சாணி ரொப்புனதும் மொதல்ல வர்ற கேஸ்ல காத்து கலந்திருக்கும், அதப் பத்த வைக்காம ரெண்டு மூணு தடவ தொறந்து விட்டுருங்க.