மாநகராட்சியில் கண்காணிப்பு, மதிப்பீட்டு வேலை: மகளை அனுப்பலாமா?

நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பான பி.பிளான் கடைசி ஆண்டில் இருக்கும் மகள், மாநகராட்சித் திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிடும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், அது நிரந்தரமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பெரும்பாலும் இல்லை. அந்தப் பெயரில் தனிப் பணியிடம் நம் மாநகராட்சிகளில் அரிது. ஆலோசனை நிறுவனத்திலோ திட்ட மேலாண்மைப் பிரிவிலோ ஒப்பந்தத்தில்தான் எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்ற ஸ்மார்ட் சிட்டி திட்டமே 2015-இல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தோம் என்பது பொறியாளர் தரும் கணக்கு. அதில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, கடைக்கோடி வீட்டுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது உங்கள் மகளின் வேலை. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் நான்குக்கும் சேர்த்து 28 சேவை அளவுகோல்களை ஒரு கையேட்டில் வகுத்தது. குடிநீரில் இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நீரேற்று நிலையத்திலிருந்து விட்ட தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்து அந்த எண்ணைக் காட்டிவிடலாம். வழியில் கசிந்தது யார் கணக்கு? அதனால்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏ முதல் டி வரை நம்பகத் தரம் போடச் சொல்கிறது அந்தக் கையேடு. மீட்டரில் அளந்ததா, குத்துமதிப்பா என்பது அதில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். ஆய்வுக் கூட்டங்களில் அதை யாராவது கேட்டால் அபூர்வம்.

ஆக, எக்செல்லில் வந்த எண்ணை நம்பாமல் வார்டில் இறங்கி வெயிலில் நடக்க மகள் தயாரா? தயார் என்றால் புள்ளியியலில் மாதிரி எடுக்கும் முறையையும் ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபடத் தொழில்நுட்பத்தையும் ஒழுங்காகக் கற்கட்டும்.

நிரந்தரம்தான் முக்கியம் என்றால், நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது. ஆண்டுதோறும் வராது, தகுதியை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேற்படிப்பாக எம்.பிளான் படிக்க நினைத்தால் கேட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் கட்டடக்கலை, திட்டமிடல் தாள் எழுதலாம். ஆனால் ஒன்று, அந்த உதவி இயக்குநர் பணியில் மனைப்பிரிவு, கட்டட அனுமதிக் கோப்புகள்தான் அதிகம் கைக்கு வரும். மகளுக்கு அது பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

இப்போதைக்குக் கடைசி செமஸ்டர் ஆய்வுக்கு உங்கள் ஊரிலேயே ஒரு வார்டை எடுக்கச் சொல்லுங்கள். குப்பை சேகரிப்பு பற்றி நகராட்சி சொல்லும் கணக்கையும் வீடு வீடாகக் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் ஏன் என்று எழுதட்டும். நேர்காணலில் சான்றிதழ்களைவிட அந்த அறிக்கையைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.